காசு வாங்காத கடைத் தெரு

கடைத் தெருப் போட்டி நமக்குப் புதிதல்ல. எதிரும் புதிருமாக இரண்டு ஜவுளிக் கடைகள் இருந்தால், ஒருவர் 'ஆடித் தள்ளுபடி' என்று தட்டி கட்டுவார். மற்றவர் அதற்கு முந்தின வாரமே 'ஆனித் தள்ளுபடி' என்று கட்டிவிடுவார். ஒருவர் வாசலில் பன்னீர் தெளித்தால், மற்றவர் கையில் சர்பத் டம்ளரைக் கொடுப்பார். எல்லாம் எதற்காக? உள்ளே வருகிறவர் கடைசியில் மணிபர்ஸைத் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆனால் வருகிறவரிடம் ஒரு தம்பிடிகூட வாங்காமல், "எங்கள் கடைக்கு வாருங்கள், எங்கள் கடைக்கே வாருங்கள்" என்று முப்பது வருஷமாக அடித்துக்கொள்ளும் கடைத் தெரு ஒன்று உண்டு. அங்கே வாடிக்கைக்காரரிடம் பணம் கேட்பதில்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வந்ததற்காக வாடிக்கைக்காரருக்கே பணம் கொடுத்த கடையும் உண்டு. அவருடைய கால் தங்கள் வாசலில் பட வேண்டும் என்று மூன்றாம் மனிதருக்குக் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுக்கிற கடையும் உண்டு!

இன்டர்நெட்டில் உள்ள தேடல் யந்திரங்களைத்தான் சொல்கிறோம்.

பாட்டிக்கு மூட்டு வலியா, பெண்ணுக்குக் காலேஜ் அட்மிஷனா, தீபாவளிக்கு ரயில் டிக்கெட்டா, மைசூர்பாகு ஏன் கல்லாகிவிட்டது என்ற சந்தேகமா, எதுவானாலும் வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து இரண்டு வார்த்தை எழுதுகிறார். இமை கொட்டுவதற்குள் பதில் வந்து நிற்கிறது. அது எப்படி வந்தது என்று நாம் யோசிப்பதில்லை. யார் செலவில் வந்தது என்று யோசிப்பது அதைவிடக் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், அந்தக் கடைத் தெருவின் சரித்திரம் முழுவதும் விளங்கிவிடும்.

சிலந்தி, அட்டவணை, வரிசை

முதலில் யந்திரத்தின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்வோம். நாம் 'மைசூர்பாகு' என்று எழுதியவுடன் யந்திரம் உலகம் முழுவதும் ஓடித் தேடிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓடினால் அது வருவதற்குள் பாகு முறிந்துவிடும். தேடுகிற வேலை முன்கூட்டியே நடந்து முடிந்திருக்கிறது.

இதில் மூன்று வேலைகள் உண்டு. முதல் வேலைக்காரனுக்கு 'சிலந்தி' என்று பெயர். உண்மையில் அது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். ஒரு வலைப் பக்கத்தைப் படிக்கும்; அதிலிருந்து வேறு பக்கங்களுக்குப் போகும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தாவும்; அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதற்கு இரவும் இல்லை, பகலும் இல்லை.

இரண்டாவது வேலை அட்டவணை போடுவது. கனமான புத்தகங்களின் கடைசியில், 'இன்ன சொல் இன்னின்ன பக்கங்களில்' என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமல்லவா? சிலந்தி கொண்டுவந்த பக்கங்களுக்கெல்லாம் அதேபோல ஒரு மகா பட்டியல் தயாராகிறது. நாம் கேட்கும்போது யந்திரம் புரட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

மூன்றாவது வேலை மிகவும் கஷ்டமானது. ஒரு சொல் பத்து லட்சம் பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? ஆயிரம் பக்கம் புரட்டிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. முதல் பத்துக்குள் வராத பக்கம் பரணில் போட்ட பாத்திரம் மாதிரிதான். ஆகவே வரிசை போடுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. கடைத் தெருச் சண்டை முழுவதும் இந்த வரிசையைப் பற்றியதே.

முதல் கடைகள்

1990ல், கனடாவில் மான்ட்ரீல் நகரத்து மெக்கில் சர்வகலாசாலையில் ஆலன் எம்டேஜ் என்ற வாலிபர் ஒரு யந்திரத்தைச் செய்தார். கரிபியக் கடலில் உள்ள பார்படோஸ் தீவுக்காரர் அவர். கம்ப்யூட்டர்களில் சேர்த்து வைத்திருந்த பைல்களின் பெயர்களை மட்டும் அந்த யந்திரம் தேடித் தந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 'ஆர்ச்சி' என்று அதற்குப் பெயர்.

1994ம் வருஷம் பல கடைகள் திறந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் பைலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த வலைப் பக்கங்களை வகைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டார்கள். 'ஜெர்ரி, டேவிட் வழிகாட்டி' என்ற பொருளில் இருந்த பெயரை மாற்றி 'யாஹூ' என்று வைத்தார்கள். அங்கே சிலந்திக்கு வேலை இல்லை. மனிதர்களே படித்துப் பார்த்து, சமையல், சினிமா, சங்கீதம் என்று பிரித்து அடுக்கினார்கள். அதே வருஷம் வாஷிங்டன் சர்வகலாசாலையில் பிரையன் பிங்கர்டன் 'வெப் கிராலர்' என்ற யந்திரத்தை வெளியிட்டார். பக்கத்தின் தலைப்போடு நின்றுவிடாமல் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அது அட்டவணை போட்டது. பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் சர்வகலாசாலையிலிருந்து 'லைகோஸ்' வந்தது. வலை கட்டிக் காத்திராமல் ஓடிப்போய் இரை பிடிக்கும் ஒரு ஜாதிச் சிலந்தியின் விஞ்ஞானப் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது.

1995 டிசம்பரில் வந்தது 'ஆல்டா விஸ்டா'. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, தன்னுடைய 'ஆல்பா' கம்ப்யூட்டர்களின் பலத்தை ஊருக்குக் காட்டுவதற்காக ஆரம்பித்த விளையாட்டு என்றே சொல்லலாம். சுமார் 1 கோடியே 60 லட்சம் பக்கங்களுக்கு அட்டவணை! முதல் நாள் 3 லட்சம் தடவை ஜனங்கள் வந்து தட்டினார்கள். இரண்டு வருஷத்தில் அது நாளைக்கு 8 கோடி தடவை ஆயிற்று. 1997ல் ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மொழிபெயர்க்கும் வசதியையும் அது இனாமாகவே தந்தது.

எக்ஸைட், இன்போசீக், ஹாட்பாட் என்று இன்னும் பல கடைகள் முளைத்தன. வோட்ஹவுஸ் கதைகளில் வரும் ஜீவ்ஸ் என்ற புத்திசாலிப் பணியாளரை வாசலில் நிறுத்தி, "என்ன வேண்டும், ஐயா?" என்று கேட்க வைத்தது ஒரு கடை. அதற்கு 'ஆஸ்க் ஜீவ்ஸ்' என்று பெயர்.

இத்தனை கடைகளையும் ஒரே ஒரு வியாதி பிடித்தது. வந்தவரை வெளியே போகவிடக் கூடாது என்கிற வியாதிதான்! தேடி வந்தவர் கிடைத்தவுடன் போய்விடுகிறாரே, அவருக்கு நாம் எப்படி விளம்பரம் காட்டுவது? ஆகவே வாசலிலேயே செய்திகள், ஜோசியம், பங்கு மார்க்கெட், தபால், சந்தை என்று நிரப்பினார்கள். ஆல்டா விஸ்டாவும் 1999ல் அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்க வந்தவரை உட்கார வைத்து ஜாதகம் பார்த்தால் அவர் அடுத்த தடவை வருவாரா? அந்த 1999ல் சுமார் 230 கோடி டாலர் கணக்கில் ஆல்டா விஸ்டாவின் 83 சதவீதப் பங்கு கைமாறியது. 2003ல் மொத்தக் கடையும் போன விலை சுமார் 14 கோடி டாலர். 2013 ஜூலையில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கல்யாணச் சமையல்காரர்

இதற்குள் வலையில் மோசடியும் நுழைந்துவிட்டது. ஒரு சொல் எத்தனை தடவை வருகிறதோ அத்தனைக்கு அந்தப் பக்கம் மேலே போகும் என்று தெரிந்ததும், சிலர் அதே சொல்லை நூறு தடவை எழுதினார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக எழுதினார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, சிலந்திக்குத் தெரியும். நல்ல பக்கம் கீழே போயிற்று. தந்திரக்காரர் பக்கம் மேலே வந்தது.

ஸ்டான்போர்டில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வேறு வழி யோசித்தார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரை எப்படிப் பிடிக்கிறோம்? "நான்தான் முதல் தரச் சமையல்காரர்" என்று அவரே நூறு தடவை சொன்னால் நம்புவோமா? நாலு பேரைக் கேட்கிறோம். அந்த நாலு பேரிலும், பத்துக் கல்யாணம் நடத்திய பெரிய மாமி "அவரையே பிடித்துவிடு" என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தை இருபது பேர் வார்த்தைக்குச் சமம். மாமிக்கு அந்த மதிப்பு எப்படி வந்தது? ஊரில் மற்றவர்கள் மாமியை மதிப்பதால் வந்தது.

வலைப் பக்கங்களுக்கும் இதே கணக்குத்தான். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அப்படிக் கொடுக்கும் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்கிட்டு வரிசை போட்டார்கள். இதற்கு 'பேஜ் ராங்க்' என்று பெயர். யந்திரத்துக்கு முதலில் 'பேக்ரப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு 1க்குப் பின்னால் நூறு பூஜ்யம் போட்டால் வரும் எண்ணின் பெயரைக் கொஞ்சம் திரித்து 'கூகுள்' ஆக்கினார்கள்.

1998 ஆகஸ்டில் ஆண்டி பெக்டல்ஷைம் என்ற செல்வந்தர் யந்திரத்தைப் பார்த்துவிட்டு, 'கூகுள் இன்க்' என்ற பெயருக்கு 1 லட்சம் டாலர் செக் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரில் கம்பெனியே அப்போது இல்லை! கம்பெனியைப் பதிவு செய்து பாங்குக் கணக்குத் திறக்கும் வரையில் செக் மேஜை டிராயரில் தூங்கியது. மறு வருஷம் எக்ஸைட் கம்பெனிக்கு அந்த யந்திரத்தை ஏழரை லட்சம் டாலருக்கு விற்கத் தயாராக இருந்தார்கள் என்றும், எக்ஸைட் வேண்டாம் என்றது என்றும் சொல்வார்கள். எக்ஸைட்டின் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

மற்றக் கடைகளெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் கூகுளின் வாசல் வெறிச்சென்று இருந்தது. நடுவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அங்கே வேலை பார்த்த மாரிஸ்ஸா மேயர் என்ற அம்மணி ஒரு வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் சிலரை உட்கார வைத்துப் பரீட்சை பார்த்தபோது, அவர்கள் ஒன்றும் எழுதாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஏன் என்று கேட்டால், "பாக்கிப் பக்கம் வரட்டும் என்று காத்திருக்கிறோம்" என்றார்களாம்!

2000 ஜூனில் யாஹூ தன் சொந்த வாசலிலேயே கூகுளின் தேடலை வைத்துக்கொண்டது. நாலு வருஷம் கழித்து அதை எடுத்துவிட்டுச் சொந்த யந்திரத்தை வைத்தபோது, வாடிக்கைக்காரர்கள் கூகுளுக்கு நேர் வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

பிரிஸ்பேனில் சொன்ன வார்த்தை

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 1998ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் நடந்த மகாநாட்டுக்கு பிரின், பேஜ் இருவரும் தங்கள் யந்திரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை அளித்தார்கள். அதன் கடைசிப் பகுதியில் விளம்பரத்தைப் பற்றியும் எழுதினார்கள். விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடல் யந்திரம், இயல்பாகவே விளம்பரம் கொடுப்பவர் பக்கம் சாயும். தேடுகிறவருடைய தேவையிலிருந்து விலகும் என்பது அவர்கள் கருத்து.

உதாரணமும் கொடுத்தார்கள். அவர்களுடைய யந்திரத்தில் செல்லுலர் போன் என்று தேடினால், கார் ஓட்டும்போது போன் பேசுவதால் கவனம் சிதறுகிற ஆபத்தைப் பற்றிய ஆராய்ச்சி முதலில் வந்தது. போன் கம்பெனிகளிடம் விளம்பரப் பணம் வாங்கும் யந்திரம் இந்தப் பக்கத்தை முதலில் காட்டிவிட்டு, பணம் கொடுத்தவர்களுக்கு என்ன சமாதானம் சொல்லும் என்று கேட்டார்கள்.

ரொம்ப சரியான கேள்வி. ஆனால் கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் வேண்டும். வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் வேண்டும். தேடுகிறவரோ காசு கொடுப்பதில்லை. பின் யார் கொடுப்பது?

பதில் சொன்னவர் பில் கிராஸ் என்ற கலிபோர்னியா வியாபாரி. 1998ல் அவர் திறந்த 'கோ டு' என்ற கடையில் வரிசையே ஏலத்துக்கு வந்தது. ஒரு சொல்லுக்கு யார் அதிகம் கேட்கிறாரோ அவர் முதல். ஜனங்கள் அந்த இணைப்பைத் தொட்டால்தான் பணம். எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஆனால் கல்லா நிரம்பியது. 'ஓவர்ச்சர்' என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தக் கம்பெனியை 2003ல் யாஹூ சுமார் 160 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

கூகுள் 2000ல் விளம்பரம் ஆரம்பித்தது. 2002ல் அதுவும் தொட்டால் பணம் என்ற ஏல முறைக்கு வந்தது. ஆனால் இரண்டு காரியங்களை வித்தியாசமாகச் செய்தது. விளம்பரத்தைத் தனியாகப் பிரித்து வைத்தது. பணத்தோடு கூட, ஜனங்கள் எதை அதிகம் தொடுகிறார்கள் என்பதையும் பார்த்து இடம் கொடுத்தது. தன் முறையைக் காப்பியடித்ததாக ஓவர்ச்சர் போட்ட வழக்கு, 2004ல் யாஹூவுக்கு 27 லட்சம் கூகுள் பங்குகளைக் கொடுத்த பிறகு ராஜியாயிற்று.

அதற்கு முன்பே, காசு வாங்கிக்கொண்டு காட்டுவதைக் காசு வாங்கியதாகத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2002ல் தேடல் கம்பெனிகளுக்கு எழுதியிருந்தது. ஆரம்ப நாட்களில் கூகுளின் விளம்பரங்களுக்குப் பின்னால் நிறத் திட்டு ஒன்று இருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். வருஷங்கள் போகப் போக அந்த நிறம் வெளுத்தது. பிறகு மறைந்தே போயிற்று. இன்று சிறு எழுத்துத்தான் மிச்சம்.

பரிசு, படம், ரகசியம்

கூகுளை எதிர்த்துக் கடை வைத்தவர்கள் செய்யாத ஜாலம் இல்லை. மைக்ரோசாப்ட் 2008ல், தன் யந்திரத்தில் தேடிப் பொருள் வாங்கினால் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. வாங்கிப் பார்த்தவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு, தேடுவதற்குப் பழைய கடைக்கே போனார்கள். 2010ல் திட்டம் முடிந்தது. அதே 2008ல் 4,460 கோடி டாலருக்கு யாஹூவை விலைக்குக் கேட்டது, பேரம் படியவில்லை. 2009ல் 'பிங்' என்ற புதுப் பெயரோடு, தினம் ஓர் அழகான படத்தை வாசலில் தொங்கவிட்டுத் திறந்தது.

2008ல் பென்ஸில்வேனியாவில் கேப்ரியல் வைன்பர்க் என்பவர் 'டக் டக் கோ' என்ற சிறு கடையை ஆரம்பித்தார். அவருடைய சரக்கு, ரகசியம் காப்பது. யார் என்ன தேடினார்கள் என்று குறித்து வைப்பதில்லை என்பதே விளம்பரம். வியாதியைப் பற்றியும் கடனைப் பற்றியும் கேட்கிறவருக்கு அது சின்ன விஷயமா? ரஷ்யாவில் 'யாண்டெக்ஸ்', கொரியாவில் 'நேவர்', சீனாவில் 'பைடு' என்று உள்ளூர்க் கடைகளும் வேரூன்றின.

இத்தனைக்கும் பிறகு உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தேடல்கள் வாக்கில் கூகுளிலேயே நடக்கின்றன. சரக்கு நன்றாக இருப்பது ஒரு காரணம். ஒரு கடைக்கு எவ்வளவு பேர் வருகிறார்களோ அவ்வளவு அது கற்றுக்கொள்கிறது என்பது இன்னொரு காரணம். நாம் மூன்றாவது பதிலைத் தொட்டுவிட்டு மற்றதை விட்டால், அதுவும் யந்திரத்துக்குப் பாடம். கூட்டம் உள்ள கடை நாளுக்கு நாள் தேறும். ஈ ஓட்டும் கடை எப்படித் தேறும்?

வாசல்படியின் விலை

மூன்றாவது காரணம் கோர்ட்டில் வெளிவந்தது. புதுப் போன் வாங்கினால், அதில் முதலிலேயே எந்தத் தேடல் வைத்திருக்கிறதோ அதையே பெரும்பாலோர் உபயோகிக்கிறார்கள். மாற்றலாம் என்று தெரிந்தாலும் மாற்றுவதில்லை. ஆகவே அந்த முதல் இடத்துக்கு விலை உண்டு.

இந்த வாசல்படிச் சண்டையில் சென்னையில் வளர்ந்த ஸ்ரீ சுந்தர் பிச்சைக்குப் பெரும் பங்கு உண்டு. 2004ல் கூகுளில் சேர்ந்த அவர், வலையைப் பார்க்க உதவும் பிரௌஸருக்குள்ளேயே கூகுளின் தேடல் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கும் 'டூல்பார்' வேலையைக் கவனித்தார். அந்த ஜன்னல் மைக்ரோசாப்டுக்குச் சொந்தம். அவர்கள் நினைத்தால் சாத்திவிடலாம். சொந்த ஜன்னலே வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனையில் 2008ல் பிறந்தது 'குரோம்'. 2015ல் பிச்சை கம்பெனிக்கே தலைவரானார்.

2020 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. முதல் இடத்துக்காகப் போன் கம்பெனிகளுக்கும் பிரௌஸர் கம்பெனிகளுக்கும் 2021ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்ததாக விசாரணையில் தெரிந்தது. ஆப்பிள் கம்பெனிக்கு மட்டும் 2022ல் சுமார் 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னார்: கூகுள் ஏகபோக உரிமையைச் சட்ட விரோதமாகக் காத்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் பரிகாரத்தையும் சொன்னார். குரோமை விற்க வேண்டியதில்லை. முதல் இடத்துக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் மற்றவர்களுக்கு இடமே இல்லாதபடி தனி ஒப்பந்தம் போடக் கூடாது. தேடல் தகவல்களில் ஒரு பகுதியைப் போட்டிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பாவில் வேறு புகார். விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் தன் சொந்தக் கடையை மேலே வைத்து, மற்றவர்களைக் கீழே தள்ளியதற்காக 2017ல் ஐரோப்பியக் கமிஷன் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கல்யாணச் சமையல்காரரைத் தேடிக் கொடுக்க வந்தவர், தன் மைத்துனரை முன்னால் நிறுத்திய கதைதான் இது.

பதிலே சொல்லும் யந்திரம்

2022 நவம்பர் 30ந் தேதி 'சாட் ஜிபிடி' வந்தது. அது பட்டியல் கொடுக்கவில்லை. பதிலையே கோவையாக எழுதிக் கொடுத்தது. கடைத் தெரு முழுவதும் கலகலத்துப் போயிற்று. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் தன் பிங்குக்குள் அந்த வித்தையைக் கொண்டுவந்தது. கூகுள் அவசர அவசரமாக 'பார்ட்' என்ற பதில் யந்திரத்தை அறிவித்தது. அறிவிப்போடு காட்டிய மாதிரிப் பதிலிலேயே, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றிய ஒரு தகவல் தப்பு. ஒரே நாளில் கம்பெனிப் பங்குகளின் மதிப்பு சுமார் 10,000 கோடி டாலர் சரிந்தது!

சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஸ்ரீ அரவிந்த் ஸ்ரீநிவாஸ், 2022ல் நண்பர்களோடு அமெரிக்காவில் 'பர்ப்ளெக்ஸிட்டி' என்ற கடையைத் திறந்தார். பதிலைச் சொல்லி, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பதையும் அடியில் காட்டுவது அதன் விசேஷம். 2025 ஆகஸ்டில், குரோமை 3,450 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டு எல்லோரையும் திகைக்க வைத்தது. ஒரு சென்னைக்காரர் வளர்த்த ஜன்னலை இன்னொரு சென்னைக்காரர் விலைக்குக் கேட்டார்!

கூகுளும் 2024 மே மாதம் அமெரிக்காவில் பட்டியலுக்கு மேலே பதிலை எழுதிக் காட்ட ஆரம்பித்தது. முதல் வாரங்களிலேயே, பீட்ஸாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கலாம் என்று யாரோ வேடிக்கையாக எழுதியதை எடுத்து, சமையல் குறிப்பாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாயிற்று. பட்டியலாக இருந்தால் பத்துப் பக்கத்தைப் பார்த்து நாமே முடிவு செய்வோம். ஒரே பதிலாக வரும்போது அந்த வேலையையும் யந்திரத்திடமே விட்டுவிடுகிறோம்.

இன்னொரு கவலையும் உண்டு. பதில் மேலேயே கிடைத்துவிட்டால், அதை எழுதிய பக்கத்துக்கு யார் போவார்கள்? நிருபர் அலைந்து எழுதிய செய்தியும், அம்மாள் ஒருவர் நாலு தடவை செய்து பார்த்து எழுதிய பக்குவமும் பதிலுக்குள் கரைந்துவிடுகின்றன. பத்திரிகைக் கம்பெனிகள் இதற்காக கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. எழுதுகிறவர்கள் ஓய்ந்துவிட்டால், யந்திரம் நாளைக்கு எங்கிருந்து படிக்கும்?

பழைய கேள்வியும் கூடவே வந்துவிட்டது. யார் செலவு? பர்ப்ளெக்ஸிட்டி 2024 நவம்பரில் விளம்பரங்களைச் சோதித்துப் பார்த்தது. பட்டியலில் விளம்பரம் எது, பதில் எது என்று கண்ணால் பிரித்துவிடலாம். கோவையாகப் பேசுகிற பேச்சுக்குள் விளம்பரம் கலந்தால் எப்படிப் பிரிப்பது? பிரிஸ்பேன் கட்டுரையின் கடைசிப் பகுதியை இப்போது மறுபடியும் படிக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

பெரிய கம்பெனிகள் சண்டை போட்டால் நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. பாங்கில் ஏதோ சந்தேகம் என்று அதன் டெலிபோன் நம்பரைத் தேடி, மோசக்காரர்கள் வலையில் போட்டு வைத்த பொய் நம்பரில் பேசி, சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். பாங்குகளும் போலீஸாரும் ஓயாமல் எச்சரிக்கிறார்கள். அரசாங்கத்து மனுவைத் தேடினால், அரசாங்கப் பக்கம் போலவே ஜோடித்த தரகர் பக்கம் காசு கொடுத்து மேலே நிற்கலாம். முதலில் நிற்பவர் முதல்தரமானவர் என்ற நம்பிக்கைதான் அந்தத் தரகரின் மூலதனம்.

ஆகவே சில பழக்கங்கள் நல்லது. பதிலுக்கு மேலே 'விளம்பரம்' அல்லது 'ஸ்பான்ஸர்' என்ற சிறு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பாங்கு நம்பரைப் பாஸ் புத்தகத்திலிருந்தோ கார்டின் பின்புறத்திலிருந்தோ எடுங்கள். உடம்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கேட்கும்போது, யந்திரம் எழுதிய பதிலோடு நிற்காமல் அது காட்டும் மூலப் பக்கத்தையும் திறந்து படியுங்கள்.

எப்போதாவது இரண்டு கடைகளில் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்; தமிழிலும் கேளுங்கள். ஒரு காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவில் இருந்தன. ஒரு பக்கத்தின் 'அம்மா' இன்னொரு பக்கத்தின் 'அம்மா'வாக யந்திரத்துக்குத் தெரியவில்லை. யூனிகோட் என்ற பொது முறை பரவிய பிறகுதான் அட்டவணையில் நம் சொற்கள் ஒழுங்காக ஏறின. இப்போதும் 'மரம்' என்று கேட்டால் 'மரத்தை', 'மரத்தில்', 'மரங்களோடு' எல்லாம் அதே மரம்தான் என்று யந்திரம் கண்டுகொள்ள வேண்டும். எந்தக் கடை இதை நன்றாகச் செய்கிறதோ அந்தக் கடைக்குப் போகலாம். போட்டி இருப்பதில் நமக்கு உள்ள லாபமே அதுதான். பிடிக்காவிட்டால் எதிர்க் கடைக்கு நடக்கலாம். நாம் நடப்போம் என்ற பயம் கடைக்காரருக்கு இருக்கும் வரையில் தராசு ஓரளவு நேராக நிற்கும்.

மைசூர்பாகு விஷயத்தில் மட்டும் ஒரு யோசனை. யந்திரம் என்ன சொன்னாலும், அடுத்த வீட்டு மாமியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த மாமி யாரிடமும் விளம்பரப் பணம் வாங்குவதில்லை.